சுவரில் மூன்று துளைகள்

வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சாக்கில் பழைய சுவிட்ச் போர்டுகளையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் இளைஞர், பையிலிருந்து பளபளவென்று ஒரு புதுச் சாமானை எடுத்து நீட்டினார். மூன்று பின் பிளக் பாயின்ட்தான். ஆனால், அதன் பக்கத்திலேயே நீளவாக்கில் இரண்டு சின்னத் துளைகள்.

“யு.எஸ்.பி. பாயின்ட் சார். இனிமே சார்ஜரே வேணாம். ஒயரை நேரா சுவத்துல சொருகிக்கலாம். இப்ப எல்லாரும் இதான் போடுறாங்க. எல்லா ரூம்லயும் போட்டுடலாமா?”

“போட்டுடுங்க தம்பி” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, “அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பாருங்க” என்று ஹால் மூலையைக் காட்டினார்.

அங்கே சுவரில் ஒரு வெள்ளை டப்பா. லேண்ட்லைன் டெலிபோனுக்காகப் பதித்தது. போனைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பக்கத்தில் டி.வி. ஆன்டெனா ஒயருக்கு ஒரு வட்டத் துளை. இரண்டு முறை பெயின்ட் அடித்ததில் அது கிட்டத்தட்ட மூடியே போய்விட்டது. வீடு கட்டும்போது, “எல்லா ரூம்லயும் போட்டுடுங்க” என்று நானே நின்று சொல்லி, சுவரைக் கொத்திப் பதிக்கச் சொன்னவை!

“நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்று அவரை அனுப்பிவிட்டு, அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண பிளக் பாயின்ட்டுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

* * *

முதலில் ஓர் ஆச்சரியம். வீடுகளுக்கு மின்சாரம் வந்த புதிதில், பெரும்பாலான வீட்டுச் சுவர்களில் துளையே கிடையாது!

1882 செப்டம்பர் 4. நியூயார்க் நகரத்தின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. அவர் விற்றது மின்சாரத்தை அல்ல, வெளிச்சத்தை. கம்பெனியின் பெயரே ‘எடிசன் எலெக்ட்ரிக் இல்லுமினேட்டிங் கம்பெனி’. வீட்டுக்குள் ஒயர் நுழையும், கூரைக்கு ஏறும், பல்பு ஹோல்டரில் போய் முடியும். அவ்வளவுதான். மின்சாரத்தை வைத்து வேறு என்ன செய்துவிட முடியும் என்று அன்றைக்குச் சாதாரண ஜனங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஆனால் கண்டுபிடிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? அதே 1882-ல் ஹென்றி சீலி என்ற நியூயார்க்காரர் மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மேஜை ஃபேனும் கிட்டத்தட்ட அப்போதே பிறந்தது. பிறகு தையல் மெஷின் மோட்டார், டோஸ்டர் என்று வரிசையாக வந்தன. எல்லாம் சரி, இதையெல்லாம் எங்கே சொருகுவது?

வேறு வழி? நாற்காலியைப் போட்டு ஏறி, பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரில் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைத் திருக வேண்டும். எடிசனின் பல்பு ஹோல்டர் மரை வைத்தது. நம் ஊரில் தட்டித் திருப்புகிற ரகம் இல்லை. ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் திருகுவதே ஒரு வித்தை. பல்பைக் கழற்றிவிட்டதால் அறை இருட்டு. இருட்டில், தலைக்கு மேலிருந்து தொங்கும் ஒயரோடு, சூடான இஸ்திரிப் பெட்டி! போதாக்குறைக்கு, பல்புக்குக் கொஞ்சூண்டு கரன்ட் கொடுக்கப் போட்ட மெல்லிய ஒயர், இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரன்ட்டில் கொதிக்கும்.

கலிஃபோர்னியாவில் ஏர்ல் ரிச்சர்ட்சன் என்று ஒருவர் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். அவரே இஸ்திரிப் பெட்டியும் செய்து பார்த்தார். ஆனால் கம்பெனி கரன்ட் விடுவதே பொழுது சாய்ந்த பிறகுதான். வெளிச்சத்துக்குத்தானே மின்சாரம்? பகலில் எதற்கு? ரிச்சர்ட்சன் விடவில்லை. அமெரிக்க வீடுகளில் அப்போது திங்கட்கிழமை துவைப்பார்கள், செவ்வாய்க்கிழமை இஸ்திரி போடுவார்கள். “செவ்வாய்க்கிழமை மட்டுமாவது பகலில் கரன்ட் விடுங்கள்” என்று கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். மின்சாரம் விளக்கை விட்டு மெதுவாக வெளியே வந்தது இப்படித்தான்.

அந்தச் சமயத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் இருந்தார் ஹார்வி ஹப்பெல். சங்கிலியை இழுத்தால் எரியும், மறுபடி இழுத்தால் அணையும் விளக்கு ஹோல்டரை 1896-ல் கொண்டுவந்தவர். ஒரு நாள், காசு போட்டால் ஓடும் விளையாட்டு மெஷின்கள் இருந்த கடையில் ஒரு துப்புரவுத் தொழிலாளியைப் பார்த்தாராம். கூட்டுவதற்காக மெஷினை நகர்த்த வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஒயராகப் பிரிக்க வேண்டும். கூட்டி முடித்ததும் எந்த ஒயர் எங்கே என்று பார்த்து மறுபடி முடுக்க வேண்டும். ‘எல்லா ஒயரையும் ஒரே கட்டையில் வைத்து, இழுத்தால் வருகிற மாதிரி செய்தால் என்ன?’ என்று ஹப்பெலுக்குத் தோன்றியதாக ஒரு கதை உண்டு.

கதை எப்படியோ, 1904 நவம்பர் 8-ம் தேதி அவர் வாங்கிய காப்புரிமை நிஜம். ஹப்பெலின் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது தெரியுமா? புதிதாகச் சுவரைக் கொத்துங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய பிளக்கின் ஒரு பாதி, இருக்கிற பல்பு ஹோல்டரிலேயே திருகி உட்கார்ந்துகொள்ளும். மறு பாதி அதில் சொருகும், இழுத்தால் வரும். வீட்டில் இருப்பதோடு ஒத்துப்போனதால் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். சுவரில் தனி பிளக் பாயின்ட் பரவலாக வந்தது அதற்கு அப்புறம்தான்.

நாம் மட்டும் என்ன? ஒரே ஹோல்டரில் பல்பும் போட்டு, பக்கவாட்டில் பிளக்கும் சொருகுகிற ஹோல்டர் நம் ஊர்க் கடைகளிலும் விற்றது. திருவிழாக் கடைகளில் இன்றும் பார்க்கலாம்.

* * *

இனி நம் வீட்டு உருண்டைப் பின்னுக்கு வருவோம்.

சின்ன மூன்று பின், பெரிய மூன்று பின். நாமெல்லாம் இதை இந்தியப் பிளக் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை! இது அசல் பிரிட்டிஷ் சரக்கு. 1934-ல் பி.எஸ். 546 என்று இங்கிலாந்தில் தரம் நிர்ணயித்த பிளக். 5 ஆம்பியருக்குச் சின்னது, 15 ஆம்பியருக்குப் பெரியது. பிரிட்டிஷ் ஆட்சி இருந்த இடமெல்லாம் ஒயரோடு சேர்ந்து இதுவும் போனது.

மேலே இருக்கிற மூன்றாவது பின் ஏன் மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அது எர்த். தடிமன், அது வேறு துளையில் தவறிப்போய் நுழையக் கூடாது என்பதற்காக. நீளம், சொருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. கிரைண்டரின் இரும்பு உடம்பில் எங்கேயாவது கரன்ட் கசிந்தால், அது நம் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக அதுதான் வழி. நாம் என்ன செய்கிறோம்? டூ பின் பிளக் நுழையவில்லை என்றால் எர்த் துளையில் பேனாவை விட்டு நெம்புகிறோம். பிளக்கே இல்லையென்றால், ஒயர் நுனியைச் சீவித் துளையில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகுகிறோம்! பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில்கூட.

இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த 1942-ல், இங்கிலாந்தில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. குண்டு விழுந்து லட்சக்கணக்கான வீடுகள் நாசமாகிக் கிடந்தன. யுத்தம் முடிந்ததும் கட்டப்போகிற புது வீடுகளில் ஒயரிங் எப்படி இருக்க வேண்டும்? இதுதான் கேள்வி. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே பிளக் பாயின்ட்டைப் பற்றி யோசித்தவர்களை என்னவென்று சொல்வது!

கமிட்டியில் ஒரே ஒரு பெண். கேரோலின் ஹாஸ்லெட். மின் பொறியியல் தெரிந்தவர். பெண்களுக்கான மின்சார சங்கத்தை நடத்தியவர். மின்சாரம் வந்தால் வீட்டுப் பெண்களின் முதுகொடிகிற வேலை குறையும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர். ஆனால் அது குழந்தைகளுக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்.

அந்தக் கமிட்டியின் 1944 அறிக்கையின் அடிப்படையில் வந்ததுதான் இன்றைய சதுரப் பின் பிரிட்டிஷ் பிளக். எர்த் பின் நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளைகளின் கதவும் திறக்கும். குழந்தை விரலையோ கம்பியையோ விட்டால் ஒன்றும் ஆகாது. யுத்தத்தில் செம்பு பஞ்சம். அதனால் வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக ஒயர் ஓட்டி மிச்சம் பிடித்தார்கள். வளையம் முழுக்கக் கரன்ட் அதிகம் ஓடுவதால், ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனியாக ஒரு ஃப்யூஸ் வைத்தார்கள். பழைய உருண்டைப் பின் தப்பித் தவறிக்கூட நுழையக் கூடாது என்றுதான் சதுரம்.

தரம் வெளியான வருடத்தைக் கவனியுங்கள். 1947!

வெள்ளைக்காரர்கள் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டிய அதே வருடத்தில் தங்கள் பிளக்கையும் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கைவிட்ட உருண்டைப் பின் நம்மிடமே தங்கிவிட்டது. அதையே நம்முடைய ஐ.எஸ். 1293 தரமாக ஆக்கிக்கொண்டோம். இப்போது 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று எண் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் சதுரப் பின்னுக்குப் போய்விட்டன. இலங்கையிலும் ரொம்ப காலம் உருண்டையும் சதுரமும் கலந்து கிடந்தன. கடைசியில் சதுரம்தான் தரம் என்று முடிவெடுத்தார்கள்.

நாம் ஏன் மாறவில்லை? நாட்டில் இருக்கிற ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு மிக்ஸியின் வாலையும் மாற்ற வேண்டுமே! சுவரில் இருப்பதை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

இத்தாலியில் இதைவிட வேடிக்கை. அங்கே ஒரு காலத்தில் விளக்குக்கு ஒரு கட்டணம், மற்ற மின்சாதனங்களுக்கு வேறு கட்டணம். விளக்குக் கரன்ட்டில் ஹீட்டர் போட்டுவிடக் கூடாது என்று பிளக்கின் அளவையே இரண்டாக வைத்தார்கள். அந்த இரட்டைக் கட்டணம் 1970-களில் ஒழிந்தது. இரண்டு அளவு பிளக் இன்றைக்கும் இருக்கிறது. காரணம் செத்துவிட்டது, துளை சாகவில்லை!

உலகம் முழுக்க ஒரே பிளக் கொண்டுவரலாம் என்றுகூட முயன்று பார்த்தார்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1930-களில் பேச ஆரம்பித்தது. யுத்தம் குறுக்கிட்டது. பேசிப் பேசி 1986-ல் ஒரு உலகப் பிளக்கை அறிவித்தார்கள். அதற்குள் உலகத்துச் சுவர்கள் எல்லாம் கொத்திப் பூசி முடிந்துவிட்டன. தென்னாப்பிரிக்கா அதைத் தன் தரத்தில் சேர்த்துக்கொண்டது. பிரேசில் சில மாற்றங்களோடு எடுத்துக்கொண்டது. பெரிய நாடுகளில் அத்தோடு சரி.

* * *

ஆக, சுவர்களை ஒன்று சேர்க்க முடியவில்லை. கம்ப்யூட்டரின் முதுகுப்புறத்திலிருந்து வந்த ஒரு துளை அதைச் சாதித்தது.

குஜராத்தின் வடோதராவில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் அஜய் பட். இன்டெல் கம்பெனியில் எஞ்சினீயர். 1990-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பார்த்தால் தலை சுற்றும். பிரின்டருக்கு ஒரு வடிவம், மவுஸுக்கு ஒரு வடிவம், கீபோர்டுக்கு ஒரு வடிவம். வீட்டில் ஒரு பிரின்டரை இணைக்கப் படுகிற பாட்டைப் பார்த்து, ‘சுவரில் பிளக்கைச் சொருகுவதுபோல இதுவும் சுலபமாக இருக்கக் கூடாதா?’ என்று யோசித்தார் பட். அவரும் சகாக்களும் முயன்று, ஏழு கம்பெனிகள் கை கோத்து, 1996 ஜனவரியில் வந்தது யு.எஸ்.பி. யார் வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இன்டெல் விட்டுவிட்டதால், உலகமெல்லாம் பரவியது.

ஒரே குறை, முதல் தடவை சொருகினால் நுழையாது. திருப்பிச் சொருகினாலும் நுழையாது. மறுபடி முதல் பக்கமே திருப்பினால் நுழையும்! இரண்டு பக்கமும் நுழைகிற மாதிரி செய்தால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் அப்படி விட்டோம் என்று பட் பின்னாளில் சொன்னார்.

அந்தத் துளையில் மவுஸ், கீபோர்டு ஓடுவதற்காகக் கொஞ்சம் கரன்ட்டும் விட்டிருந்தார்கள். 5 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது 2.5 வாட். ஜீரோ வாட் பல்புக்குக்கூடப் போதாது. ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? செல்போனைச் சொருகி சார்ஜ் போட ஆரம்பித்தார்கள். பல்பு ஹோல்டரில் இஸ்திரிப் பெட்டியைத் திருகிய அதே கதை! காரில் சிகரெட் பற்றவைக்க வைத்த துளையில் சார்ஜரைச் சொருகினோமே, அதுவும் இதே கதைதான்.

அப்போது ஒவ்வொரு போனுக்கும் ஒரு சார்ஜர். கல்யாண வீடுகளில், “நோக்கியா சின்ன பின் யார்கிட்டயாவது இருக்கா?” என்று அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? 2006 கடைசியில் சீனா, சார்ஜர் பக்கத்தில் யு.எஸ்.பி. துளை இருக்க வேண்டும் என்று தரம் வகுத்தது. 2007-ல் யு.எஸ்.பி. வழியாக பேட்டரி சார்ஜ் செய்வதற்கே தனி விதிமுறை வந்தது. 2009-ல் ஐரோப்பாவில் போன் கம்பெனிகள் மைக்ரோ யு.எஸ்.பி.க்கு ஒப்புக்கொண்டன. 2014-ல் எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும் டைப்-சி. ஐரோப்பிய யூனியன் 2022-ல் சட்டமே போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களுக்கு டைப்-சி கட்டாயம் என்றது.

2007-ல் இன்னொன்றும் நடந்தது. எடிசன் விற்றது டி.சி. கரன்ட். அது ஏ.சி.யிடம் தோற்றது நமக்குத் தெரியும். ஆனாலும் நியூயார்க்கில் ஒரு சில கட்டடங்களுக்கு டி.சி. போய்க்கொண்டே இருந்தது. 2007 நவம்பர் 14-ம் தேதிதான் அந்தக் கடைசி இணைப்பைத் துண்டித்தார்கள். எடிசனின் டி.சி. வாசல் வழியாக வெளியே போன அதே வருடத்தில், யு.எஸ்.பி. சார்ஜிங் என்ற பெயரில் டி.சி. பின்வாசல் வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டது!

* * *

மறுநாள் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். நான் கேட்டேன்.

“இந்த யு.எஸ்.பி. பாயின்ட்டுக்கு உள்ள என்ன இருக்கு?”

“சார்ஜர்தான் சார்.”

அங்கேதான் விஷயம். சாதாரண பிளக் பாயின்ட்டுக்குள் இருப்பது பித்தளைப் பட்டை. நல்லதாகப் பார்த்து வாங்கிப் போட்டால் முப்பது வருடம் உழைக்கும். யு.எஸ்.பி. பாயின்ட்டுக்குள் இருப்பது 230 வோல்ட் ஏ.சி.யை 5 வோல்ட் டி.சி.யாக மாற்றுகிற ஒரு முழு மின்னணு சர்க்யூட். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் சீக்கிரம் கிழடு தட்டும். காற்றுப் போகாத சுவர் டப்பாவுக்குள், நம் ஊர் மே மாத வெயிலில், அது எத்தனை வருடம் தாங்கும்? தனி சுவிட்ச் இல்லையென்றால், போன் சொருகாதபோதும் இருபத்து நாலு மணி நேரமும் கொஞ்சம் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

அதுமட்டுமா? அவர் கொண்டுவந்தது பழைய செவ்வகத் துளை. 5 வோல்ட், 2.1 ஆம்பியர், அதாவது பத்து வாட் சொச்சம். இன்றைய போன்கள் இருபது, முப்பது வாட், அதற்கு மேலும் கேட்கின்றன. லேப்டாப் 65 வாட் கேட்கிறது. 2021-ல் வந்த விதிப்படி டைப்-சி 240 வாட் வரை கொடுக்கலாம். கையில் சொருகுகிற சார்ஜர் என்றால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். சுவரில் பதித்ததை மெயினை அணைத்து, ஸ்க்ரூவைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும்.

“அப்ப வேணாங்கிறீங்களா சார்?” தம்பியின் முகம் வாடிவிட்டது.

“அப்படிச் சொல்லலே. எல்லா ரூம்லயும் வேணாம். கட்டில் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு, டைப்-சி, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதாப் பார்த்துப் போடுங்க. அதுக்குத் தனி சுவிட்ச் வெச்சுடுங்க. மத்த இடத்துலயெல்லாம் மூணு பின் பாயின்ட்டை ஒண்ணுக்கு ரெண்டாப் போடுங்க. துளைக்குள்ள குழந்தைக்குக் கதவு இருக்கிற ரகம். எர்த் ஒயர் நிஜமாவே எர்த்துக்குப் போகுதான்னு பார்த்துடுங்க.”

பாயின்ட் போதாமல்தான் நாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகுகிறோம். தீ பிடிப்பதற்கு நாமே வைக்கிற வத்தி அது. யு.எஸ்.பி. துளை இல்லாமல்கூட இருந்துவிடலாம். நல்ல எர்த்தும் போதுமான பாயின்ட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது.

தம்பி வேலையை ஆரம்பித்தார். ஹாலில் பழைய போர்டைக் கழற்றும்போது கூப்பிட்டார். உள்ளே பழுப்பு நிற பேக்லைட்டில், உருண்டைத் துளைகளோடு ஒரு பிளக் பாயின்ட். வீடு கட்டியபோது போட்டது. டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரிந்தது.

“இது இன்னும் ஓடும் சார்” என்றார்.

“அந்த டெலிபோன் டப்பாவை மட்டும் எடுத்துட்டு, பூசிடுங்க” என்றேன்.